கொட்டகையில் சிவப்பு வெளிச்சம்

நாள் 211. காலை 06:10

நிலவு, தென்விளிம்புக் கோழிப்பண்ணை. உரிமையாளர் நாச்சிமுத்து எழுதுவது.

கோழிகள் 3,140. என்னோடு சேர்த்து ஆட்கள் பத்துப் பேர். தீவனம், தண்ணீர், காற்றழுத்தம் சரி.

மூன்றாம் வரிசையில் கொத்து ஆரம்பித்துவிட்டது. ஒரு கோழியின் குடலை நான்கு கோழிகள் இழுத்துக்கொண்டிருந்தன. அது இன்னும் நின்றுகொண்டிருந்தது. உடனே சிவப்பு விளக்குக்கு மாற்றினேன். கோழி ரத்தத்தைப் பார்த்துவிட்டால் விடாது. சிவப்பு வெளிச்சத்தில் ரத்தம் அதற்குத் தெரியாது. கொட்டகைக்கும் ஆட்கள் அறைக்கும் நடைபாதைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே விசைதான். கம்பி மிச்சம் என்று நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். பழகிவிடும்.

நாள் 213. பிற்பகல் 15:40

பறவைக் காய்ச்சல். ஆட்களுக்கும் தாவிவிட்டது. தீவனம் அள்ளும் சடையன் மதியம் இறந்தான். நான்கு பேருக்கு இருமல். கப்பல் வர ஒன்பது நாள்.

கோழி டாக்டர் பிலோமினாவிடம் ஒரு மருந்து இருக்கிறது. அவர் விளக்கியது: நம் செல்களின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் நுனியில் சியாலிக் அமிலம். வைரஸ் அதைப் பிடித்துத்தான் உள்ளே ஏறுகிறது. சியாலிடேஸ் என்ற நொதி அந்த நுனியை வெட்டிவிடும். பிடி கிடைக்காமல் வைரஸ் வழுக்கிவிடும். வெளியே வரும்போது அறுத்துக்கொள்ள வைரஸிடமும் இதே கத்தரி இருக்கிறதாம். மூக்கில் மட்டும், ஆளுக்கு ஒரு சொட்டு, தினமும்.

நாள் 214. காலை 09:00

மூக்கில் விட்டதைப் பாதிப்பேர் தும்மித் தள்ளிவிட்டார்கள். இருமல் இப்போது ஆறு பேருக்கு.

நாமக்கல்லில் சைக்கிளில் முட்டை விற்று மேலே வந்தவன் நான். அங்கே ஐம்பதாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து மருந்து விட்டால் எந்தப் பண்ணையும் தேறாது. புகையடிப்போம். அதையேதான் செய்தேன். முழு மருந்தையும் இயந்திரத்தில் ஊற்றி, காற்றுக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் இருபது நிமிடம் விட்டேன். டாக்டரிடம் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்பார். நான் முகமூடி போட்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை கழற்றி வியர்வையைத் துடைத்தேன், அவ்வளவுதான்.

நாள் 215. காலை 11:25

யாருக்கும் காய்ச்சல் இல்லை. ஆனால் காலையில் பல் துலக்கிய ஒருவனுக்கு ஈறில் ரத்தம் நிற்கவில்லை. படுக்கையில் இடித்துக்கொண்டவனுக்குத் தொடை முழுக்கக் கறுத்துவிட்டது.

இன்டர்காமில் பிலோமினா: "அண்ணாச்சி, மூக்குக்கு மட்டும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நுரையீரல் வழியா ரத்தத்துல கலந்துட்டு. ரத்தத்த உறைய வைக்கிற தட்டணுவோட நுனியும் போயிட்டு. நுனி இல்லன்னா, பழசாயிட்டுன்னு ஈரலே பிடிச்சுத் தின்னுரும். ஒருத்தனும் அசையக்கூடாது. ஒரு குத்து, ஒரு இடி பட்டாலும் ஆள் காலி."

அசையாமல் கிடக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பல் துலக்கியவன் போய்விட்டான். தொடை கறுத்தவனும்.

நாள் 215. பிற்பகல் 15:50

கட்டுப்பாட்டு அறையைப் பூட்டிக்கொண்டேன். வெளியே ஐந்து பேர், கையில் கூண்டுக் கம்பிகள்.

மேஸ்திரி கருப்பணன்: "ஏனுங் மொதலாளி, கோழிக்கு அடிக்கறாப்பல எங்களுக்கும் அடிச்சுப்போட்டீங்களா? கதவத் தொறங்க. உங்க கழுத்தத் திருகறதுக்குக் கத்தி வேண்டாமுங், கையே போதும்."

அடிக்கிறார்கள். கதவு இரும்பு.

16:20

பிலோமினா: "வெள்ளை லைட்டப் போடுங்க அண்ணாச்சி! செவப்புல அவனுவளுக்கு ரத்தம் தெரியல. உள்ளங்கை கிழிஞ்சு ஒழுகுது, வேர்வைன்னு தொடச்சிட்டு மறுபடியும் அடிக்கானுவ. பாத்தானுவன்னா நிறுத்திருவானுவ. அஞ்சு உயிரு!"

விசை என் கைக்கு எட்டுகிறது. வெள்ளை போட்டால் அவர்கள் நிறுத்தலாம். நிறுத்தாமலும் போகலாம். கோழிகள் மேலும் அதே மருந்துதான் பட்டிருக்கிறது, அவையும் ஒழுகிக்கொண்டிருக்கின்றன. ரத்தம் கண்ணில் பட்டால் மூவாயிரமும் ஒன்றையொன்று கிழித்துவிடும்.

போடவில்லை. கோழிகளுக்காக என்று எழுதலாம். கதவுக்காகவும்தான்: அடிக்கிறவர்கள் ஒழுகி ஓய்ந்துவிட்டால் அது தாங்கும்.

16:45

ஒரு கீல் விட்டது. அடி மெதுவாகிறது. யாரோ தலையால் இடித்த சத்தம். அதற்குப் பிறகு அவன் சத்தம் இல்லை.

கருப்பணன்: "மொதலாளி... கை வழுக்குதுங். கம்பி நிக்க மாட்டீங்குது..."

17:10

கேமராவில் ஐந்து பேரும் கதவடியில், ஒருவர் மேல் ஒருவர். தரை பளபளக்கிறது. பிலோமினா அவர்களிடம் ஓடிவந்து வழுக்கி விழுந்தார். எழவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன்.

கதவு தாங்கிவிட்டது. கோழிகள் அமைதி.

17:35

மேலுதட்டில் ஈரம். அறை சூடாக இருக்கிறது, வியர்வைதான். நாக்கில் உப்பு. வியர்வையும் உப்புதானே.

துடைத்தேன். மறுபடியும்.

வெள்ளை விளக்கைப் போட்டால் தெரிந்துவிடும்.

காகிதம் நனைகிறது. பேனா வழுக்குகிறது.

வருகிறவர்களுக்கு: வெள்ளை விளக்கைப் போடாதீர்கள். கோழிகள் முழுசாக இருக்கின்