மணலில் வைக்க முடியாத படகு

செவ்வாய்க்கிழமை.

போன் விளையாட்டில் இரண்டு மாதமாக ஊர் கட்டி, இன்றுதான் ஒரு படகு கிடைத்தது. கரை மணலில் வைத்தால் சிவப்புக் கட்டம். பூங்காக் குளத்தில் மட்டும்தான் வைக்கலாமாம். எங்கள் காத்திவாக்கம் மீனவர் குப்பத்தில் எந்தப் படகு குளத்தில் கிடக்கிறது? இந்த விளையாட்டைச் செய்தவன் வலை காயப்போடவும் விடமாட்டான். ஆனால் நான் கேட்காமலே நடுத்தெருவில் ஒரு பனிமனிதனை நட்டிருக்கிறான். நகர்த்தவும் முடியவில்லை. அறிவுகெட்டவன்.

எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "அத்த வுடு மே! அந்த கரண்டு கம்பெனிய அங்க வெச்சிப் பாரு" என்றார்.

வைத்தேன். உடனே பச்சைக் கட்டம். அதே மணலில், வீடுகளை ஒட்டி, புகைபோக்கியோடு ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

அவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர் கரண்டு கம்பெனியின் சாம்பல் வருகிறதென்று ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.