முயலின் முதுகு

வெள்ளி, 1943. கஜா பெராங், மலாயா.

வேண்டிய மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. பக்கத்து வீட்டு முத்தையாவின் முயல் நிற்காமல் சிறுநீர் ஒழுக்குகிறது. பின்கால்கள் புண்ணாகிவிட்டன.

"ஈரக் கீரையப் போட்டு நீதான்டி கெடுத்த!" என்று இன்று மனைவி மேல் கை ஓங்கினான்.

"உதறித்தாங்க போட்டேன்," என்று அழுதாள்.

வேலியோரம் என்னிடம் கேட்டான். "சார், நீங்க படிச்சவரு. மூத்திரக் கல்லா இருக்குமா?"

"இருக்கலாம்," என்றேன்.

கல்லுமில்லை, கீரையுமில்லை. என் மரவள்ளித் தளிரைத் தின்றதென்று காதைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தவன் நான். முதுகு அடிபட விழுந்தது; அன்றிலிருந்துதான் இந்த ஒழுக்கு. ஜப்பான்காரன் ஆபீசில் என் நாற்காலியை முத்தையாவுக்குக் கொடுத்த ஆத்திரம்.

'முயலுக்கு முதுகில் அடி பட்டிருக்கிறது. உன் மனைவி மேல் தப்பில்லை' என்று முத்தையாவுக்கு, என் கையெழுத்து தெரியாதபடி இடது கையால் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். காலையில் தபாலில் போடுவேன். பெயர் போடமாட்டேன். அவனிடம் தலைகுனிய இன்னும் மனம் வரவில்லை.