டேப்லெட் போதும் என்றவர்

ஜூன் 3

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். கடையும் நலம். பட்டன் விலை ஏறியிருக்கிறது, ஜிப் விலை இறங்கியிருக்கிறது, லைனிங் துணி மட்டும் வாங்க ஆளில்லாமல் தூங்குகிறது. போனில் பேசினால் நீ பாதியில் ‘மீட்டிங்’ என்று வைத்துவிடுகிறாய். லெட்டரை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும்.

உன் லேப்டாப் செத்துவிட்டது, புதிது வாங்குவதா, இல்லை அன்றாட வேலைக்கு டேப்லெட் போதுமா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் கேட்டாய். சைக்கிளில் பட்டன் விற்ற காலம் தொட்டு, ஊரில் பாதித் தையல்காரர்களுக்குச் சரக்குப் போடுகிற இன்றைய நாள் வரை, அடுத்தவன் சொன்னான் என்று நான் எதையும் வாங்கியதில்லை. ஜிப் என்றால் இழுத்துப் பார்ப்பேன். சாயத் துணி என்றால் நனைத்துப் பார்ப்பேன். இதையும் அப்படித்தான் பார்த்தேன். ஒரு டேப்லெட்டை வாங்கிவந்து, கடை லேப்டாப்பைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு வாரம் டேப்லெட்டிலேயே கடையை நடத்தினேன்.

நடந்ததா என்று கேள். ஓடியது. சரக்குப் படத்தைக் காட்டினேன், விலை சொன்னேன், ஆர்டர் எடுத்தேன். முன்பெல்லாம் மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் பில் தட்ட உட்கார வேண்டும். இரண்டு விரலால் தட்டி முடிப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். இந்த வாரம் மதியம் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டேன். ஆனாலும் ஒரு பில் விடுபடவில்லை. கணக்கு கண்ணாடி மாதிரி இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு: டேப்லெட் போதும். லேப்டாப் என்பது கம்பெனிக்காரன் நம் தலையில் கட்டுகிற சுமை. கடை லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் போட்டு உனக்கும் ஒரு டேப்லெட் வாங்கிவிட்டேன். பார்சல் சர்வீஸில் வருகிறது. நீ காசை வீணாக்காதே.

அன்புடன்,
அப்பா

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

பார்சல் வந்தது. உறை, பேனா, ஒட்டிக்கொள்கிற கீபோர்டு எல்லாம் இருந்தன. நான் கேட்டது அபிப்பிராயம். நீங்கள் அனுப்பியது பொருள். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கோபம்தான் வருகிறது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? ஆபீஸ்களுக்கு மேஜை, அலமாரி, தடுப்பு எல்லாம் செய்து கொடுக்கிற கம்பெனி. நான் எஸ்டிமேட் போடுகிறவள். ஒரு பக்கம் வரைபடம், இன்னொரு பக்கம் விலைப் பட்டியல், நடுவில் நான். டேப்லெட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் ஸ்கேல் அகலத்துக்குச் சுருங்கிவிடுகின்றன. ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் திறக்கிறது. வரைபட ஃபைலை அதில் பார்க்கலாம், திருத்த முடியாது. கீபோர்டு மடியில் நிற்காது, மேஜையில் மட்டும்தான் நிற்கும். சைட்டில் எனக்கு மேஜை ஏது? மேஜை செய்து கொடுக்கத்தானே அங்கே போகிறோம்?

செவ்வாய்க்கிழமை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தபோது மேனேஜர் பின்னால் வந்து நின்று, “என்னம்மா, கேம் விளையாடறீங்களா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் இன்னும் நிரந்தரம் ஆகவில்லை அப்பா. இந்த மாத வேலையைப் பார்த்துத்தான் என்னை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள்.

படிக்க, படம் பார்க்க, வீட்டாரோடு பேச டேப்லெட் தங்கம். அதை நான் குறை சொல்லவில்லை. நீங்கள் சொல்கிற அன்றாட வேலை யாருடைய அன்றாடம் என்றுதான் கேட்கிறேன்.

ஒரு சந்தேகம். நம் பில்லிங் புரோகிராமை டேப்லெட்டில் திறந்து பார்த்தேன். ஒரு ஜிப் பில் ஏற்றவே எனக்கு மூச்சு முட்டியது. நீளத்துக்கு ஒரு வரி, நிறத்துக்கு ஒரு வரி, பல் வகைக்கு ஒரு வரி. இரண்டு விரலால் தட்டுகிற நீங்கள் ஒரு வாரத்துப் பில்லை எப்படி ஏற்றினீர்கள்? தூக்கம் வேறு போட்டீர்களாம்.

உங்கள் மகள்

ஜூன் 18

மகளுக்கு,

உன் லெட்டரைப் படித்த பிறகு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ஆசையாக வாங்கி அனுப்பியவனுக்கு இதுவா பதில்? உன் மேனேஜர் சிரித்தால் அதற்கு டேப்லெட் என்ன செய்யும்?

எப்படி ஏற்றினேன் என்று கேட்கிறாய், என்னமோ திருட்டுக் கணக்கு எழுதியவனை விசாரிக்கிற மாதிரி. சொல்கிறேன், கற்றுக்கொள். சரக்கு வந்ததும் பில்லை ஒரு போட்டோ. விற்றதும் கையால் எழுதிய சீட்டை ஒரு போட்டோ. இரண்டையும் வீட்டுக்கு, அம்மாவுக்கு அனுப்பிவிடுவேன். அவ்வளவுதான். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது எல்லாம் ஏறியிருக்கும். இந்த வழியை நானே கண்டுபிடித்தேன். லேப்டாப்பில் இப்படிப் போட்டோ எடுக்க முடியுமா? தூக்கிப் பிடித்துத்தான் பாரேன்.

இன்னொன்று. வீட்டில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் டப்பா இருக்கிறதே, சமையலறைக்குப் பக்கத்து மூலையை அடைத்துக்கொண்டு. டேப்லெட்டிலேயே எல்லாம் முடிகிறபோது அது எதற்கு? லேஸ் ரோல் அடுக்க இடம் வேண்டும். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வந்து எடுத்துப் போகிறார். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. துணி எடுத்து அதைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டாள். நல்லது கெட்டது தெரிந்தவள். பொருளையும் வாங்கிக்கொண்டு, வாங்கிக் கொடுத்தவனையும் குடைகிற ஆள் அல்ல.

அப்பா

ஜூன் 24

அப்பா,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. அதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் லெட்டரை இரண்டு முறை படித்தேன். உங்களுக்கே தெரியவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. காலையில் எல்லாம் ஏறியிருக்கும் என்கிறீர்களே, யார் ஏற்றினார்கள்? போட்டோ தானாக நடந்துபோய்ப் புரோகிராமில் உட்கார்ந்துகொள்ளுமா? அம்மா ஏற்றினாள். அந்த டப்பாவில். சமைத்து, பாத்திரம் கழுவி, உங்களுக்குப் படுக்கை விரித்த பிறகு, போட்டோவில் உங்கள் விரல் மறைத்த எண்களை ஊகித்து ஊகித்துத் தட்டினாள். போனில் கேட்டேன். மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்கிறாளாம். அதைக்கூட நீங்கள் பார்க்கவில்லை.

லேப்டாப் இருந்த இடத்தில் நீங்கள் டேப்லெட்டை வைக்கவில்லை அப்பா. அம்மாவை வைத்தீர்கள். அப்படி ஓர் ஆள் கிடைத்தால் டேப்லெட் என்ன, வெறும் பலகையை வைத்துக்கொண்டுகூடக் கடை நடத்தலாம். எனக்கு இங்கே அப்படி யாரும் இல்லை. என் வேலையை நானே தட்ட வேண்டும்.

கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள் என்று எழுதத்தான் நினைத்தேன். ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று அம்மாவிடம் கேட்டேன். “எடுத்துட்டுப் போகட்டும்டி. நீ குறுக்கே விழாதே” என்றாள். இதை உங்களிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். சொல்லிவிட்டேன். இந்த லெட்டர் வருவதற்குள் ஞாயிறு முடிந்திருக்கும் என்ற தைரியம்தான்.

அன்புடன்தான்,
உங்கள் மகள்

ஜூலை 3

மகளுக்கு,

டப்பா போய்விட்டது. அதோடு இந்த வீட்டில் எனக்கிருந்த மரியாதையும் போய்விட்டது.

திங்கள்கிழமை வழக்கம்போலப் போட்டோ அனுப்பினேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒன்றும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால், “எதுல தட்டறது? டேப்லெட் போதும்னு நீங்கதானே சொன்னீங்க” என்கிறாள். முகத்தில் கோபம்கூட இல்லை. சரி, இந்தா டேப்லெட், இதில் தட்டு என்று நீட்டினேன். “அது உங்களுதாச்சே” என்று சொல்லிவிட்டுப் பட்டாணி உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நானே தட்டினேன். எழுத்துகள் திரையில் வந்தால் பில் மறைகிறது. பில்லைப் பார்த்தால் எழுத்துகள் ஓடிவிடுகின்றன. ஓர் எண்ணைப் போட்டோவில் பார்த்து, மனதில் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போவதற்குள் யாராவது வந்து கொக்கி இருக்கிறதா என்று கேட்கிறார்கள், எண் பறந்துவிடுகிறது. பள்ளி யூனிஃபார்ம் தைக்கிற பெரிய டெய்லருக்குக் கறுப்பு ஜிப் போக வேண்டியது, சிவப்பு ஜிப் மூட்டையாகப் போயிருக்கிறது. அவர் போனில் கேட்கிறார்: “முதலாளி, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போறதா, சர்க்கஸுக்குப் போறதா?” இத்தனை வருடத் தொழிலில் என்னை ஒருவர் இப்படிக் கேட்டதில்லை. இப்போது வேறு கடையில் விலை விசாரிப்பதாகக் கேள்வி.

எல்லாம் தெரிந்தே நடக்கிறது. நீயும் அவளும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறீர்கள். நான் யாருக்காக இந்தக் கடையைக் கட்டி அழுகிறேன்? குடும்பத்துக்குத்தானே? குடும்பத்து வேலையைக் குடும்பத்தில் ஒருத்தர் செய்வதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நான் என்ன அவளைக் கூலிக்கா வைத்திருக்கிறேன்?

நீ அவளிடம் பேசு. நீ சொன்னால் கேட்பாள். புது லேப்டாப் ஒன்று வாங்கி அதே மூலையில் வைத்துவிடுகிறேன், பழையபடி சாப்பாடு முடிந்ததும் தட்டட்டும் என்று சொல். உன் வேலை என்னாயிற்று, அதையும் எழுது.

அப்பா

ஜூலை 10

அன்புள்ள அப்பாவுக்கு,

என் வேலை நிலைத்துவிட்டது. தவணையில் ஒரு லேப்டாப் வாங்கிவிட்டேன்; இந்தத் தடவை யாரிடமும் அபிப்பிராயம் கேட்கவில்லை. டேப்லெட்டையும் வைத்துக்கொண்டேன், பஸ்ஸில் படம் பார்க்க.

அம்மாவிடம் நான் பேச மாட்டேன். அவள் உங்களுக்கு அடுத்த அறையில் இருக்கிறாள். நீங்கள் எனக்கு லெட்டர் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, அது ஊரெல்லாம் சுற்றி இங்கே வந்து, நான் போன் போட்டு அவளிடம் சொல்ல வேண்டுமா? கதவைத் தள்ளினால் போதுமே.

அவளைக் கூலிக்கா வைத்திருக்கிறேன் என்று கேட்டீர்கள். இல்லைதான். கூலிக்கு வைத்தவரிடம் பகலில்தான் வேலை வாங்குவீர்கள். உட்கார இடம் கொடுப்பீர்கள். சாயங்காலமானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். இதற்கு மேல் எழுதினால் மரியாதையாக இருக்காது. மூலையில் வைக்கிறேன் என்று மட்டும் அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மகள்

ஜூலை 21

அன்பு மகளுக்கு,

நீ எழுதினாய் என்று நான் போய்ப் பேசவில்லை. டெய்லர் கைவிட்டுப் போகிறாரே என்ற வயிற்றெரிச்சலில் பேசினேன். உனக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டேன். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி, “கடையில வந்து தட்டறேன். பகல்ல. ஷட்டர் இறக்கினா என் வேலையும் முடிஞ்சது” என்றாள். அப்படியானால் சமையல் என்றேன். “சேர்ந்து போய் சேர்ந்து வர்றோம். சேர்ந்து சமைப்போம்” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். “டெய்லரும் யோசிச்சிட்டுத்தான் இருக்காராம்” என்றாள். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன். இப்படி ஓர் ஆளிடம் மாட்டியதில்லை.

லேப்டாப் வாங்கவும் அவளே வந்தாள். நீ அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். மெலிதாகப் பளபளவென்று விற்பனையாளர் எடுத்து வைத்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டு கீபோர்டைத் தட்டிப் பார்த்தாள். எண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறதா என்று கேட்டாள். ஒரு பக்கம் பில், ஒரு பக்கம் புரோகிராம், இரண்டையும் திறந்து காட்டச் சொன்னாள். இது எடை அதிகமாச்சே மேடம் என்று அவர் தயங்க, “நான் இதைத் தூக்கிட்டு ஓடப் போறதில்ல தம்பி” என்றாள். அவள் விலையை இறக்கிய விதத்தைப் பார்த்து, பையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கே விற்பனையாளர்மேல் பரிதாபம் வந்தது. இத்தனை வருடம் இந்த வாயை எங்கே வைத்திருந்தாள்?

அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். கடைக்கு வந்தவள் எங்கே உட்காரட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் போய்க் கல்லா மேஜையில் லேப்டாப்பை வைத்து, “இங்கதான் நல்ல வெளிச்சம்” என்று உட்கார்ந்துவிட்டாள். என் மேஜை. இப்போது நான் வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறேன். மதியத்துக்கு மேல் முதுகில் வெயில் அடிக்கிறது. தூக்கம் போச்சு. வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் விலை கேட்கிறார்கள். அந்த டெய்லர் நேற்று வந்தார். எனக்கு ஒரு வணக்கம், அவளுக்கு ஒரு பெரிய ஆர்டர். இந்தக் கொடுமையை யாரிடம் சொல்ல?

டேப்லெட் என்னிடம்தான் இருக்கிறது. சரக்குப் படம் காட்ட, பில்லைப் போட்டோ எடுக்க நல்ல சாமான்தான். அதில் என் வார்த்தையை நான் மாற்றவில்லை. போட்டோ மங்கலாக இருந்தால் அவள் அங்கே உட்கார்ந்தபடியே திருப்பி அனுப்புகிறாள். எழுந்து வந்து சொன்னால் என்ன?

சாயங்காலம் இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்குப் போகிறோம். வழியெல்லாம் ஜிப் பேச்சு, லேஸ் பேச்சு. வீட்டில் நாங்கள் இவ்வளவு பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதிலும் முக்கால்வாசி எனக்கு ஏச்சுதான். லைனிங் துணியை நான் வாங்கியது தப்பாம். போய்ச் சேர்ந்ததும் வெங்காயம் என் பக்கம் நகர்கிறது.

நான் இதை எழுதுவதையும் பார்த்துவிட்டாள். “புகாரை அப்புறம் எழுதலாம், வந்த மூட்டையைப் பிரிச்சுப் பாருங்க” என்கிறாள், வாடிக்கையாளர்கள் முன்னால். கடை யாருடையது என்று ஒருநாள் சத்தமாகக் கேட்கத்தான் போகிறேன். இப்போது முடியாது, லாரிக்காரர் வாசலை அடைத்துக்கொண்டு ஹாரன் அடிக்கிறார், அவள் மறுபடியும் கூப்பிடுகிறாள்.

அப்பா