பின்னறைத் தரை மட்டமாகத்தான் இருக்கிறது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தாளை எடுத்தேன். நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முகம் சுளிக்கிறது. நம் வீட்டில் மாடி இல்லாததால் அதற்கும் எனக்கும் பெரிய சண்டை இல்லை. உன் தம்பி, மருமகள், பேத்தி மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கடிதத்தை மருமகள் தன் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். தாளும் பின்னால் தபாலில் வரும், எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறேன், வரிசையாகப் படி. கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவள் நீ. இதை அப்படிப் படிக்காதே.

பின்னறைத் தரையின் படத்தைப் பார்த்துவிட்டு, என்னம்மா இது, ஓட்டல் மாதிரி இருக்கே, எவ்வளவு செலவாச்சு என்று கேட்டாய் அல்லவா. செலவென்று சொல்ல ஒன்றும் இல்லை. நம் வீட்டுக்குப் பின்பக்கம் ஒட்டினாற்போல் இருந்த பழைய வீட்டை வாங்கி இடித்துவிட்டு, அடுக்குமாடி கட்டப் போகிறோம், கார்களெல்லாம் பூமிக்கு அடியில்தான் நிற்கும் என்று பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். தோண்டத் தோண்ட நம் பின்னறையின் சிமெண்டுத் தரையில், பள்ளத்துப் பக்கத்து மூலையில், தலைமயிர் கனத்துக்கு ஒரு விரிசல் விழுந்தது. உன் தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு கான்ட்ராக்டரிடம் சண்டை போடப் போனான். போனவன் கைவண்டி நிறையப் பலகையோடு திரும்பி வந்தான். காங்கிரீட் ஊற்றும்போது அடியில் தாங்குவதற்கு வைப்பார்களே, அந்த சென்ட்ரிங் பலகைகள். இதைப் போட்டுத் தரையை மூடிட்டா விரிசலும் தெரியாது, வீடும் அழகாயிடும், நகராட்சிக்கெல்லாம் எதுக்கு அலையணும் தம்பி, கட்டிடம் முடிஞ்சதும் கீழே ஒரு கடை உனக்குத்தான் என்றாராம் அந்த மனிதர். ஜெராக்ஸ் மெஷினை ஒரு படிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு குனிந்தே முதுகு வளைந்துபோனவனுக்கு, நிமிர்ந்து நிற்க ஒரு கடை என்றால் காது இனிக்காதா.

பலகைகள் வந்து இறங்கிய கோலத்தை நீ பார்த்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாய். சிமெண்டு பொருக்காக ஒட்டிக்கொண்டு, பழைய என்ஜின் ஆயில் நாற்றத்தோடு, விளிம்பெல்லாம் பிய்ந்து கிடந்தன. தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து உளியால் சுரண்டினான், ஆணிகளைப் பிடுங்கினான், மர மில்லில் கொடுத்து ஒரு சாண் அகலத்துக்கு நீளநீளமாக அறுத்து வாங்கினான். அடியில் பிளாஸ்டிக் தாள், அதன் மேல் மரச் சட்டங்கள், சட்டங்களின் மேல் பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று ஒரு பழைய போன் கார்டைச் செருகிச் செருகி எடுத்து ஆணி அடித்தான். ஆணித் தலைகளை உள்ளே இறக்கி, மரத்தூளைப் பசையில் குழைத்து மூடினான். நிறத்துக்கு என்ன செய்தான் தெரியுமா. நான் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திருடிக்கொண்டு போய் வினிகரில் ஊறவைத்தான். முதலில் கெட்டியாகக் காய்ச்சிய தேயிலைச் சாற்றைப் பூசினான், காய்ந்த பிறகு இதைப் பூசினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்த பலகை கறுத்து, பெரிய மனிதர் வீட்டு மரம் போல ஆகிவிட்டது. மேலே வார்னிஷ். அவன் கூப்பிட்டுப் போய் நின்றேன். எங்கள் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் மதர் சுத்தம் பார்க்க வந்தால் மேசையின் மேல்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார், அடிப்பக்கத்தைத்தான் தடவிப் பார்ப்பார். தரையை அப்படித் திருப்பிப் பார்க்க முடியாதே, ஆகவே முழங்காலைக் கெஞ்சி மடக்கி உள்ளங்கையால் நெடுக்கத் தடவினேன். ஒரு சிராய் இல்லை. குறை சொல்ல ஒண்ணும் இல்லைடா என்றேன். பரீட்சையானாலும் சரி, உத்தியோகமானாலும் சரி, அவன் வைத்து மூடிய அந்தக் கோழிப் பண்ணையானாலும் சரி, என்னிடம் அவன் அப்படி ஒரு வார்த்தை வாங்கியதே இல்லை. பாராட்டு என்னிடம் மலிவாகக் கிடைக்காது என்பது உனக்குத் தெரியும். அவன் அன்றைக்குச் சாப்பாட்டைக்கூடக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கான்ட்ராக்டரும் பார்க்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், நடு அறை வரைக்கும் வந்தவர், பின்னறை நிலைப்படியில் நின்றுகொண்டார். பிரமாதம் தம்பி, பிரமாதம் என்றார். உள்ளே வந்து பாருங்களேன் என்று மருமகள் சொன்னதற்கு, இருக்கட்டும்மா, கால்ல மண்ணு என்றார். அவருடைய கால் என் கண் முன்னால்தானே இருந்தது, சுத்தமாகத்தான் இருந்தது. அவருடைய பார்வை பலகையில் இல்லை, அந்த மூலையில் இருந்தது. இன்னும் பலகை வேணும்னாலும் கேளு, வேணும்கிற வரைக்கும் எடுத்துக்கோ என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த வியாபாரியும் இப்படி வாரிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் வர ஆரம்பித்து, பம்பு வைத்து இறைக்கிறார்கள். பகலும் இரவும் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. நாங்கள் பேசுவதே கொஞ்சம் சத்தமாகிவிட்டது. குழாயிலிருந்து தெருச் சாக்கடைக்கு வருகிற தண்ணீரைப் போய்ப் பார்த்தேன், கலங்கலாக வருகிறது. எதிர்வீட்டுத் தையல்காரி அங்கே நின்றுகொண்டு, என்னங்கம்மா, தண்ணியை மட்டும் இறைக்கிறானா, இல்ல தெருவையே கரைச்சு ஊத்துறானா என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கலங்கல் யாருடைய மண் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பேத்திக்கு அந்தப் பின்னறைதான் படுக்கை. வெறும் பலகையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு, பாட்டி, கீழ யாரோ வாய் கொப்பளிக்கிறாங்க என்றாள். எழுந்து பல் தேய் என்று அதட்டி அனுப்பிவிட்டு, அவள் போனதும் நானும் காதை வைத்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னது சரி.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த அறையில் இருக்கும் உங்கள் அப்பாவின் துணி அலமாரியின் கதவு சாத்தச் சாத்தத் தானாகத் திறந்துகொண்டது. சில நாட்கள் அப்படி. பிறகு ஒரு காலையில் ஒழுங்காகச் சாத்திக்கொண்டது. கீலை யாரும் தொடவில்லை. மறுபடி திறந்தது, மறுபடி சரியானது. ஒரு பொருள் கெட்டால் கெட்டது, ரிப்பேர் செய்தால் சரியானது. தானாகக் கெட்டுத் தானாகச் சரியாகிற பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். எல்லாப் பலகைக்கும் ஆணி. மூலையில் இருக்கும் நான்கு பலகைக்கு மட்டும் ஸ்குரு. அதன் தலைகள் அடிக்கடி திருகினதால் புதுப் பாத்திரம் போல மின்னின.

எல்லோரும் வெளியே போன பிறகு நானே திருப்புளியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கழற்றினேன். பலகையைத் தூக்கினதும் ஈர மண்ணின் வாடை முகத்தில் அடித்தது. சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த பலகைத் துண்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. அடியில் இருந்தவை பூஞ்சை பிடித்துக் கறுத்திருந்தன, நடுவில் இருந்தவை மங்கியிருந்தன, மேலே இருந்த துண்டில் அறுத்த தூள்கூட இன்னும் போகவில்லை. சிமெண்டுத் தரை அந்த மூலையில் இறங்கிக்கொண்டே போக, இவன் துண்டை வைத்து வைத்துப் பலகையை மட்டமாக்கிக்கொண்டே வந்திருக்கிறான். நமக்குத் தெரிந்த அந்த மயிர்க்கோடு இப்போது சுவருக்கும் தரைக்கும் நடுவே என் கை நுழைகிற வாய். ஜன்னல் திரைக் கம்பியைக் கழற்றி உள்ளே விட்டேன். முழுக்கம்பியும் போனது, எதிலும் தட்டவில்லை. வெளியே எடுத்தபோது நுனியில் சேறு.

பலகையை மூடாமல் அப்படியே விட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவன் பார்த்ததும் முதலில் கோபப்பட்டான். உங்களை யாரு இதைக் கழட்டச் சொன்னது என்றான். நான் பிறந்ததிலிருந்து எவனும் சொல்லி நான் ஒன்றைச் செய்ததில்லை என்றேன். கட்டிடம் மேலே எழும்பிட்டா மண்ணு தானா இறுகிடும்னு கான்ட்ராக்டர் சொல்றார்மா என்றான். அவன் மண்ணை மட்டுமாடா அள்ளுறான், உன் மூளையையும் சேர்த்துல்ல லாரியில ஏத்திட்டான் என்றேன். அவன் கொல்லைக்குப் போய் ஒரு துண்டை அறுத்துக்கொண்டு வந்து, என் எதிரிலேயே மண்டியிட்டு, முட்டுக் கொடுத்து, ஸ்குருவை முறுக்கி, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். குமிழி நடுவில் வந்து நின்றதும் என்னை நிமிர்ந்து பார்த்தான் பார், ஒழுங்காகக் கணக்குப் போட்ட பிள்ளை மாதிரி. பாருங்க, மட்டமாத்தானே இருக்கு என்றான். அவன் என்னை ஏமாற்றவில்லை மகளே, அவனே நம்புகிறான்.

மருமகள் அலுவலகத்திலிருந்து வந்து கம்பியின் சேற்றைப் பார்த்தாள். அத்தை, இனிமே பாப்பாவை அந்த ரூம்ல படுக்கவைக்க மாட்டேன் என்று பெட்டியை எடுத்தாள். அவள் செய்ததுதான் சரி, நானே மடித்துக் கொடுத்தேன். நீங்களும் கிளம்புங்க என்று அவனை இழுத்துப் பார்த்தாள். நான் போனா முட்டு யாரு குடுக்கிறது, ஒரேயடியா இறங்கிடாதா, நான்தானே இந்த வீட்டைப் பிடிச்சிட்டு இருக்கேன் என்கிறான். அவள் அழுதாள், கத்தினாள், அவன் அசையவில்லை. நகராட்சிக்கு என் கைப்பட ஒரு புகார் எழுதி, இன்று காலையில் அவள் கிளம்பும்போது கொடுத்தேன், போகிற வழியில் சேர்த்துவிட்டு இவன் செல்லுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். திங்கட்கிழமை இன்ஜினியர் வந்து பார்ப்பாராம், அதற்கு முன்னால் வர ஆள் இல்லையாம். சாயங்காலம் மறுபடி வந்து இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

இப்போது என் பயம் என்னவென்றால், இன்ஜினியர் வருகிற வரைக்கும் இவன் முட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பான். வருகிறவர் மினுமினுக்கிற தரையைப் பார்ப்பார், ரசமட்டத்தை வைப்பார், குமிழி நடுவில் நிற்கும், ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். மட்டமாக இருக்கிற தரையைப் பார்த்து யார் குறை எழுதப் போகிறார்கள். எழுதினாலும் இவன் வெளியே வருவானா என்பது வேறு. ஆகவே மருமகள் போனதும் என் நாற்காலியையும் சின்ன மேசையையும் கொண்டுவந்து அந்த நான்கு பலகையின் மேல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி ஓரமாக வைத்தால்தான் அவனால் அவற்றைக் கழற்ற முடியும். அம்மாவைத் தொட்டுத் தூக்குகிற துணிச்சல் இன்னும் அவனுக்கு வரவில்லை. சாயட்டும். எப்படிச் சாய வேண்டுமோ அப்படியே சாயட்டும். அவன் கண்ணாலேயே பார்க்கட்டும். அவன் நிலைப்படியில் உட்கார்ந்து, அறுத்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எழுந்திருங்கம்மா, எழுந்திருங்கம்மா என்று நடுநடுவே சொல்கிறான். நீ முதல்ல வாசலுக்குப் போடா, பின்னாலேயே நான் வர்றேன் என்கிறேன். இரண்டு பேரும் இப்படியே இருக்கிறோம். கடிதத்தின் ஆரம்பத்தில் கையெழுத்து நேராக இருப்பதையும் இங்கே வரிகள் வலப்பக்கம் இறங்குவதையும் நீ பார்ப்பாய். என் கை நடுங்கவில்லை. அலமாரிக் கதவு முழுக்கத் திறந்துவிட்டது.

அவன் கேட்கிறது உன் பேச்சு ஒன்றைத்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதைப் படித்ததும் அவனைக் கூப்பிடு. திட்டாதே, அழாதே, வீடு விழுந்துவிடும் என்று சொல்லாதே, சொன்னால் இன்னொரு துண்டை எடுப்பான். தரை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல், அது பொய் இல்லை, அவன் செய்த வேலையில் இன்றைக்கும் என்னால் ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது. அம்மாவைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போ, அவளுக்குத் தனியாக நடக்க முடியவில்லை என்று சொல். வெளியே வந்த பிறகு நான் அவன் கையை விடமாட்டேன், அது என் பொறுப்பு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் தலையில் என் பேரைச் சொல்லிக் கை வை. குளிரில் காதை மூடாமல் திரியாதீர்கள். நீங்கள் எல்லோரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழவேண்டும், நான் கும்பிடுகிற கடவுள் உங்களைப் பார்த்துக்கொள்வார். ஒன்றை மறந்துவிடாதே. வீட்டுப் போனுக்குக் கூப்பிடாதே, அவனுடைய செல்லுக்கே கூப்பிடு. வீட்டுப் போன் முன்னறையில் இருக்கிறது. மணி அடித்தால் அவன் எடுக்கமாட்டான், நான் எழுந்து போவதற்குக் காத்திருப்பான்.

உன் அம்மா