ஆண்டவருக்கு அனுப்பிய கொட்டேஷன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆண்டவருக்கு எழுதிப்போட்ட கொட்டேஷனைப் போதகர் முழுச் சபைக்கும் முன்னால் சத்தமாக வாசித்துவிட்டார். உன் பெரியம்மா இதற்குக் கை கால் வைத்துப் போனில் உனக்குச் சொல்வதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் சுகமா என்று இத்தனை வருடம் கைப்பழக்கத்தில் எழுதிய வரியை இந்தத் தடவை நிறுத்தி யோசித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நான் சுகம். கடை சுகம். உன் அம்மா நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள், என்னை நன்றாகத் திட்டுகிறாள், ஆனால் கழுத்தில் ஒரு கட்டி வந்திருக்கிறது. பதறாதே, முழுவதும் படி. போனில் சொல்ல இரண்டு தடவை முயன்றேன், வாயைத் திறந்தால் குழாய் விலை சொல்லும் குரல்தான் வருகிறது. அதனால்தான் கடிதம். உன் அம்மா இதற்குச் சம்மதித்ததும் ஒரே நிபந்தனையில்தான், படிக்கும்போது நீ அழக்கூடாதாம், அழுகிற மாதிரி எழுதினால் கிழித்துப்போடுவாளாம். எழுதி முடித்ததும் அவள் கையில் கொடுத்துச் சரிபார்த்த பிறகுதான் உறையில் போடுவேன்.

கட்டியைக் கண்டுபிடித்தது நம் கடைதான். சுற்றி விளக்கு வைத்த கண்ணாடி புதிதாக வந்திருக்கிறது, வாஷ்பேசினுக்கு மேலே மாட்டுவது. அதைப் பார்க்க வா வா என்று உன் அம்மாவை நானே கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவள் முன்னால் நின்று தலையைத் திருப்பினாள், கழுத்தைத் தடவினாள், ஏங்க இது என்ன என்றாள். பழைய கண்ணாடியில் கண்ணில் படாதது இதில் தெரிந்தது. பொருள் நல்ல பொருள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்கு அதைக் கல்லால் அடித்து உடைக்கலாம் போல இருந்தது. டாக்டர் ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்து, கெட்ட கட்டியா நல்ல கட்டியா என்று சொல்ல ஒன்பது நாள் ஆகும் என்றார். ஒன்பது நாள்! நான் வெளிநாட்டுக் குழாயையே ஆறு நாளில் வரவழைப்பவன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது, முக்கியமாக அக்காவிடமும் மகளிடமும் சொல்லக்கூடாது என்று உன் அம்மா உத்தரவு போட்டுவிட்டுப் போய்த் துணி மடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கை கால் ஓடவில்லை.

உனக்குத் தெரியும், நம் வீட்டில் ஆண்டவரோடு கொடுக்கல் வாங்கல் எல்லாம் உன் அம்மா பொறுப்பு. நான் கடையைப் பார்த்துக்கொண்டேன், அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டாள். ஆராதனைக்குப் போவேன், பாட்டுக்கு எழுந்து நிற்பேன், பிரசங்கம் ஆரம்பித்ததும் போன் வந்த மாதிரி வெளியே போய்விடுவேன், நீயும் பார்த்திருக்கிறாய். மற்றபடி அவருக்கும் எனக்கும் நேரடிப் பேச்சு இருந்ததில்லை. முப்பத்துநாலு வருடமாக இடையில் ஆள் வைத்துச் சரக்கு எடுத்தவன், திடீரென்று அந்த ஆளுக்கே உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வான்? நேரே கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் எங்கே வைத்துப் பேசுவது? வீட்டில் முழங்கால் போட்டால் உன் அம்மா பார்த்துவிடுவாள், ஏன் வாயுப்பிடிப்பா என்று கேட்பாள். கடையில் கதவு உள்ள இடம் ஒன்றே ஒன்றுதான், பின்பக்கம் கட்டி வைத்திருக்கிறோமே, வாடிக்கையாளருக்குக் காட்டுகிற மாதிரிக் குளியலறை. கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்று உன் அம்மா அடிக்கடி சொல்வாள். சாத்திக்கொண்டேன். கம்மோடை மூடி அதன்மேல் உட்கார்ந்தேன். ஐயா வணக்கம், நான் இன்னாருடைய வீட்டுக்காரர் பேசுகிறேன் என்று உன் அம்மா பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன், என் பெயர் அங்கே தெரியுமோ தெரியாதோ. பிறகு கடை எங்கே இருக்கிறது என்று அடையாளம் சொன்னேன். அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாவது நாள் கொஞ்சம் முன்னேறி முழங்கால் போட்டுத் தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்திருந்தேன். நம் விற்பனை ஆள், அதுதான் எப்போதும் கழுத்தில் அளவு நாடாவோடு திரிவானே, டேப்பு, அவனுக்கு நான் உள்ளே இருப்பது தெரியாது. புதிதாக வீடு கட்டும் ஒரு தம்பதியைக் கூட்டிவந்து, இதுதான் சார் நம்ம லேட்டஸ்ட் மாடல் என்று கதவைத் திறந்துவிட்டான். நான் முழங்காலில் இருக்கிறேன், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சோப்பு வைக்கும் இடத்தில் வைத்திருக்கிறேன், முகமெல்லாம் ஈரம். டேப்பு சமாளிப்பதில் கெட்டிக்காரன், முதலாளி லீக் பார்த்துக்கிட்டிருக்காரு சார், அவ்வளவு கவனம் என்றான். அந்த அம்மா கீழே பார்த்துவிட்டு, லீக் ஆகுதே, தரையெல்லாம் தண்ணியா இருக்கே என்றார். எனக்கு மற்றது எல்லாம் மறந்துபோய் வியாபாரி எழுந்துவிட்டான். தொட்டியில ஒரு சொட்டு ஒழுகாதும்மா, பத்து வருஷம் கேரண்டி, ஒழுகினது நான்தான் என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பேரமே பேசாமல் முழு செட்டுக்கும் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த முறையை இனி வியாபாரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று முடிவு செய்தேன், ஒரு முழு நாள் யோசித்த பிறகு.

வாய்ப்பேச்சு நமக்கு ஒத்துவராது, எழுத்தில் கொடுத்துவிடுவோம் என்று சனிக்கிழமை கடை லெட்டர் பேடை எடுத்து, கட்டடக்காரர்களுக்குக் கொட்டேஷன் எழுதுகிற மாதிரியே எழுதினேன். சபை வாசலில் விண்ணப்பப் பெட்டி இருக்கிறது இல்லையா, அதில் போட்டால் நேரே மேலே போய்விடும், நடுவில் யாரும் திறக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். இனிமேல் விண்ணப்பங்களைச் சபையில் வாசித்து எல்லாரும் சேர்ந்து ஜெபிப்போம் என்று போதகர் மூன்று வாரம் அறிவித்தாராம். மூன்று வாரமும் நான் வெளியே போனில் இருந்தேன். பெயர் எழுதவில்லை, அவ்வளவு ஜாக்கிரதை. ஆனால் பேடின் தலையில் கடைப் பெயர், இரண்டு போன் நம்பர், ஒரு வாஷ்பேசின் படம் எல்லாம் இருக்கிறது, அது எனக்குத் தோன்றவே இல்லை. போதகருக்குக் கிட்டப்பார்வை, தாளை மூக்குக்கு ஒட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் என்ன வருகிறது என்று பார்க்காமலே வாசிப்பார். போன் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். ஞாயிறு விடுமுறை என்பதையும் வாசித்தார். பிறகு, தேவைப்படுவது: மனைவி ஒன்று, ஏற்கெனவே வீட்டில் இருப்பதே வேண்டும், மாற்று ஏற்கப்படாது. கழுத்துக் கட்டி நல்ல கட்டியாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாக என் தரப்பில், சபையின் குளியலறைகள் முழுவதும் முதல் தரச் சாமான் போட்டுப் புதிதாக்கித் தரப்படும். டேப்பைத் திட்டுவது நிறுத்தப்படும். பிரசங்கத்தின்போது வெளியே போகப்படாது. மனைவியின் அக்காவிடம் நானே முதலில் பேசுவேன். அவசரம். கீழே அச்சடித்துள்ள வரியைக் கவனிக்கவும், இது உமக்கும் பொருந்தும். போதகர் கண்ணைச் சுருக்கி அந்த வரியையும் வாசித்தார்: கொடுத்த பொருள் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.

 அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது, உன் பெரியம்மா. கீறல் விழுந்த வாஷ்பேசினைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று இதே வரியைக் காட்டி ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அவரைத் திருப்பி அனுப்பியதும் அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை என்பதும் உனக்குத் தெரியும். அவர் சிரிக்க, பின்னால் சிரிக்க, போதகரும் சிரித்துவிட்டார். பாதிச் சிரிப்பில்தான் கட்டி என்று வாசித்தது பெரியம்மாவுக்கு உறைத்தது. சிரித்த வாயோடு எழுந்து ஓடிவந்து தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடிப்பாவி, என்கிட்ட சொல்லலியே, இந்தக் கல்லுளிமங்கன் கடைத் தாள்ல படிச்சுத்தான் நான் தெரிஞ்சுக்கணுமா என்று அழுதார். முழுச் சபையும் எழுந்து நின்று ஜெபித்தது. நான் வாஷ்பேசின் படம் போட்ட தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள். அவர்கிட்ட போய் லஞ்சம் பேசியிருக்கீங்களே, முப்பத்துநாலு வருஷமா நான் ஒண்ணுமே கொடுக்காமத்தானே பேசிக்கிட்டிருக்கேன் என்றாள். அதுவும் என்ன வரி அது, என்னை அவர் உங்களுக்கு வித்தாரா, சும்மாதானே கொடுத்தார் என்றாள். நான் கழற்றிய செருப்பை எடுத்து நேராக வைத்தேன்.  பிறகு மெதுவாக ஒன்று சொன்னாள். இத்தனை நாளா என் கட்டியைப் பத்தி நான் கேக்கவே இல்லைங்க, ஆண்டவரே, நான் போயிட்டா இந்த மனுஷன் உம்மகிட்ட எப்படி வந்து சேருவாரு, வழி தெரியாதேன்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன், நீங்களே நேர்ல போய் நிக்கிறீங்க, எனக்கு அது போதும் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல் எனக்கு ஏற்பாடு செய்துவிட்டுக் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறாள், பார். உனக்குப் போதும், எனக்குப் போதாது என்று கத்தினேன். கத்தாதீங்க, திட்ட மாட்டேன்னு சபையில வாசிச்சது டேப்புக்கு மட்டுமா என்றாள்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் உன் பெரியம்மா வாடகை வண்டியில் வந்து இறங்கினார், கீறல் விழுந்த வாஷ்பேசினோடு. அதைத் தூக்கிக் கவுன்டர்மேல் வைத்துவிட்டு, முதல்ல பேசுவேன்னு ஆண்டவருக்கே எழுதிக் கொடுத்திருக்கீங்க தம்பி, பேசுங்க என்றார். வாங்க அண்ணி என்றேன். புதியது ஒன்றை நானே சுமந்து வண்டியில் ஏற்றினேன். நம் கடை வரலாற்றில் திரும்பி வந்த முதல் பொருள் அதுதான். டேப்பு அதை யாரும் பார்க்காத நேரத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டான். பெரியம்மா இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறார், உன் அறையில். என் செருப்பு கிடக்கும் இடத்தை மாற்றிவிட்டார்.

நேற்று வியாழக்கிழமை முடிவு வந்தது. கெட்ட கட்டிதான் மகளே. ஆனால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், அந்தக் கண்ணாடி புண்ணியத்தில். வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன், முழுவதும் எடுத்துவிடுவார்கள், பிறகு தினம் ஒரு மாத்திரை. பெரும்பாலானவர்கள் நன்றாகிவிடுகிறார்கள் என்று டாக்டர் சொன்னார். பெரும்பாலானவர்கள் என்றால் எனக்கு ஒத்துவராது, நாங்க குழாய்க்கே பத்து வருஷம் கேரண்டி தர்றோம், நீங்க எவ்வளவு தருவீங்க என்று கேட்டேன். உன் அம்மா மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். டாக்டர் கோபப்படவில்லை. குழாயைச் செஞ்ச கம்பெனி கேரண்டி தரும் ஐயா, இவங்களை நான் செய்யலையே, செஞ்சவர்கிட்ட கேளுங்க என்றார்.

இன்று காலை போனேன். கதவைச் சாத்தி அதே இடத்தில் உட்கார்ந்தேன். கொடுப்பதாகச் சொன்னதெல்லாம் தீர்ந்துபோயிற்று, குளியலறை வேலை எப்படியும் நடக்கும், அதை இனி விலையாகச் சொல்ல முடியாது. கேட்கவும் வாய் வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் குனிந்து கீழ்த்தட்டில் பொருள் எடுத்துக்கொண்டிருக்கும்போது கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஆள் வந்து நின்றால் நிமிராமலே எனக்குத் தெரியும், சத்தம் வேண்டாம், நிழல் வேண்டாம், தெரியும். அப்படித் தெரிந்தது. பயம் போய்விட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன், அது இருக்கிறது, ஆனால் பயத்தோடு நான் தனியாக இல்லை. வெளியே வந்தபோது டேப்பு கதவில் ஒரு அட்டை மாட்டியிருந்தான், இந்த மாடல் விற்பனைக்கு அல்ல என்று. திட்டவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவர் உங்களைக் காப்பாராக. இதை இப்போது நானே நேரில் கேட்கிறேன், உன் அம்மா வழியாக இல்லை. பதினெட்டாம் தேதி வந்துவிடு, அதற்கு முன்னால் ஓடிவந்து அவளைப் பயமுறுத்தாதே. பெரியம்மாவுக்குக் கழுத்து வலிக்காத தலையணை ஒன்று வேண்டுமாம், அதை மறந்தால் என்னைத்தான் சொல்வார். போனில் அழாதே.

உன் அம்மா படித்துவிட்டாள், அனுப்பலாம் என்றாள். நீ வியாபாரி மகள், கடைசியில் நீங்களும் ஆண்டவரும் எதற்குத்தான் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்பாய், அதனால் எழுதிவிடுகிறேன். தினமும் காலையில் ஷட்டரைப் பாதி தூக்கியதும் கால் மணி நேரம். நான் வெறுங்கையோடு வர வேண்டும். கேரண்டி கிடையாது. நான் எந்த நேரம் கதவைத் திறந்தாலும் அவர் உள்ளே இருப்பார்.

இப்படிக்கு,
உன் அப்பா