வேலியோரம் வளரும் குரல்

பிப்ரவரி 8, ஞாயிறு

ஞானஸ்நான வகுப்புக்கு மூன்று குடும்பங்கள் வந்திருந்தன. ஒரு தகப்பன் கேட்டான்: "ஞானஸ்நானம் ஆகாம செத்த புள்ள எங்க போகும்?" அவன் மனைவி அவனைக் கிள்ளினாள். உபதேசியாராக நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன் – கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். வீட்டுக்கு வந்து பார்லிக் கூழை அடிப்பிடிக்க விட்டேன்.

பிப்ரவரி 11

மதியமே மூடுபனி இறங்கிவிட்டது. பால் கறக்கும்போது மறுபடி கேட்டது, கற்றாழை வேலிப் பக்கம். பச்சைப்பிள்ளை அழுகை. பசுவும் காதைத் திருப்பியது. அப்படியானால் என் பிரமை இல்லை.

அக்டோபரில் என் பிள்ளை செத்தே பிறந்தது. செத்த உடலுக்கு ஞானஸ்நானம் கிடையாது. எத்தனையோ தாய்மார்களுக்கு நானே சொன்ன விதி. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார்கள். என் கணவர் பெலிசாரியோ வேலியோரம் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவில்லை.

இதை இங்கே அவுகா என்பார்கள். பெயரில்லாமல் போன பிள்ளை பனிக்குள் அழுமாம். உப்புநீர் தெளித்துப் பெயர் சொன்னால் அடங்குமாம். மூடநம்பிக்கை என்று வருடக்கணக்காக வகுப்பில் சொல்லி வருகிறேன்.

மார்ச் 1

மாதப் பூசைக்கு ஃபாதர் வந்தார். பூசை முடிந்ததும் கேட்டேன்: என் பிள்ளை எங்கே? "ஆண்டவர் கையில இருக்கும்மா" என்றார். நல்ல மனிதர், கண் கலங்கிவிட்டது. ஆனால் நான் எங்கே என்று கேட்டால் அவர் யாரிடம் என்று பதில் சொல்கிறார். ஆண்டவர் கையில் இருக்கிற பிள்ளை ஏன் அழ வேண்டும்? அதைக் கேட்கத் துணிவில்லை.

மார்ச் 19

இன்று அழவில்லை. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

ஏப்ரல் 14

பக்கத்து நிலத்து டர்ஹேலியா அக்கா முட்டை கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ, வீட்டுப் புள்ளைக்கு ஒரு பேரு வைக்க மாட்டியா? காது குடுத்துக் கேக்க முடியல."

"அது நரிக்குட்டிக்கா."

"ஆமா, நரி. நீ வைக்கலேன்னா நான் வச்சிருவேன், சொல்லிட்டேன்."

கொஞ்ச நாள் பொறுக்கா என்று கெஞ்சினேன். எதற்காகப் பொறுக்கச் சொன்னேன்? இங்கே மறைக்க வேண்டாம். அழுகிறவரை அது என் பிள்ளை. அடங்கிவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

மே 6

அழுகை மாறியிருக்கிறது. சிணுங்கி, நிறுத்தி, மறுபடி சிணுங்குகிறது. தங்கை பிள்ளைகள் பல் முளைக்கும்போது இப்படித்தான் அழுதார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருந்திருந்தால் இப்போது பல் முளைக்கிற வயதுதான்.

வளர்கிறது. ஐயோ, அது வளர்கிறது.

மே 30

இன்று சிரித்தது. பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு நானும் சிரித்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை நாளாயிற்று. பயப்பட வேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

ஜூன் 11

டர்ஹேலியா அக்காவிடம் சிரிப்பைச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"வளர விடாத, டெல்ஃபினா. எனக்கும் ஒன்னு இருக்கு, ஓடைக்கு அந்தப்பக்கம். முதப் பிரசவம். நானும் உன்ன மாதிரிதான், கேட்டுக்கிட்டே இருந்தேன். மழலை பேசிச்சு, பாட்டு பாடிச்சு. இப்போ ஆம்பளக் கொரலு. அழறதில்ல."

"என்ன செய்யும்?"

"கேக்கும். 'நான் என்ன பண்ணேன்'னு கேக்கும். அதே கேள்விதான், பனி இறங்குனா போதும். நான் என்னத்த சொல்ல?"

"பேர் வச்சிரலாமேக்கா."

"அந்தக் கொரலுக்கு எதிர்ல போயி நிக்கச் சொல்றியா?"

அதே கேள்வியை நான் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என் பிள்ளை என்னிடம் கேட்கும் நாள் வரும் என்று நினைக்கவே இல்லை.

ஜூன் 14, ஞாயிறு

பெலிசாரியோ வாரமெல்லாம் தங்கி வேலை செய்யும் ரோஜாப் பண்ணையிலிருந்து வந்தார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவரிடம் ஆணா பெண்ணா என்று கேட்டேன். கத்தி நின்றது.

"பொண்ணு," என்றார். "உன்னோட நெத்தி."

"சத்தம் உங்களுக்குக் கேக்குதா?"

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றதே அதுக்குத்தானே."

ஜூன் 16

பனி. ஒரு கிண்ணம் தண்ணீர், உப்பு. வேலியோரம் போனபோது அது 'ம்... ம்...' என்று உதட்டை ஒட்டிப் பழகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அம்மா என்றிருக்கும். ஒரு வாரம்தானே என்று அங்கேயே நின்றேன், கை மரத்துப்போகும்வரை.

அப்புறம் தெளித்தேன். ஹெனொவேவா, என் பொண்ணே, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே.

பாதிச் சத்தத்தில் நின்றுவிட்டது.

ஜூன் 17

ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9

டர்ஹேலியா அக்கா தானாகவே வந்தாள், உப்பைத் துணியில் முடிந்துகொண்டு. "நீ கூட வா" என்றாள். ஓடையைத் தாண்டினோம். பனிக்குள்ளிருந்து கேட்டது, சலித்துப்போன ஓர் ஆணின் குரல்: நான் என்ன பண்ணேன்?

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் சொன்னேன்: "நீ ஒன்னும் பண்ணலப்பா." அவள் உப்பைக் கரைத்த ஓடைத் தண்ணீரைத் தெளித்து, லியாண்ட்ரோ, லியாண்ட்ரோ என்றாள்.

"சரிம்மா," என்றது.

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள், சிரித்தாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.