காமராஜர் வாசலில் நின்றவர்

பினாங்கு
11.3.1996

அன்புள்ள தையல்நாயகிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுது. எம்.ஏ. படித்தவன் மார்க்கெட் தெருவில் புடவை மடிக்கிறேன்; அதில் மாற்றமில்லை.

அண்ணனின் கருமாதிக்கு அச்சடித்த படத்தை அனுப்பியிருந்தாயே, அதை மேசையில் வைத்திருந்தேன். என் அறையில் தங்கியிருக்கும் தையற்காரர் வில்லியம் பார்த்துவிட்டு, "அண்ணே, இந்தக் கதர்ச்சட்டைக்காரர எனக்குத் தெரியும் லா" என்றார். நான்கு வருடம் முன்பு, போகியன்று, வேளாங்கண்ணி போவதற்காக மீனம்பாக்கத்தில் திருச்சி விமானத்துக்குக் காத்திருந்தாராம்.

"உள்நாட்டு பிளேன் வர்ற காமராஜர் கட்டடத்துல பிளாஸ்க்கோட நின்னாரு. பினாங்கு பிளேன் அண்ணா கட்டடத்துக்குத்தான் வரும்னு சொன்னேன். 'எங்க தலைவர் பேர்ல வாசல் இருக்கறப்ப என் தம்பி வேற வாசல்ல வருவானா?'ன்னு சிரிச்சாரு. எனக்கும் காப்பி ஊத்திக் கொடுத்தாரு."

அன்று பினாங்கிலிருந்து வந்திறங்கிய நான் அண்ணா கட்டடத்தில் மூன்று மணி நேரம் நின்றேன். அண்ணன் வேண்டுமென்றே வரவில்லை என்று முடிவுகட்டினேன். மறுநாள் விளக்கம் சொல்ல வந்தவரை வாசலோடு திருப்பியனுப்பினேன். அவர் சாவுக்கும் நான் வரவில்லை. ஒரே நிலையத்துக்கு இரண்டு தலைவர்கள் பெயரை வைத்தவர்களைத் திட்டிப் பார்த்தேன், மனம் ஆறவில்லை.

அண்ணி வீட்டுக்குப் போகாதே என்றிருந்தேன். இனிப் போ. அந்தப் பிளாஸ்க் இருந்தால் கேட்டு வாங்கி வை.

முதலாளி கூப்பிடுகிறார். சித்திரையில் வருகிறேன். நீ அண்ணா வாசலிலேயே நில். நான் காமராஜர் கட்டடம்வரை போய்விட்டு வருவேன், தாமதமானால் பயப்படாதே.

உன் கணவன்,
கனகசுந்தரம்